முதுகு வளைவுக்குக் கம்பி வைக்கும் ஆபரேஷன்: 52 வயதில் செய்துகொள்ளலாமா?

பாம்பன்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 52 வயது, ஊர் பாம்பன் பக்கம். எட்டாம் வகுப்பில் பிரேயருக்கு வரிசையில் நிற்கும்போது டீச்சர்தான் ஒரு தோள்பட்டை இறங்கியிருக்கிறதே என்று முதலில் பார்த்துச் சொன்னார். வீட்டில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணம், இரண்டு பிரசவம், கடல்பாசி வளர்க்கிற வேலை எல்லாம் அந்த முதுகோடுதான் நடந்தது. இப்போது சில வருடங்களாக வலது இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுள்ளென்று இறங்குகிறது, பாதம் மரத்துப் போகிறது. கரையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எங்காவது உட்கார்ந்து எழுந்தால்தான் மேற்கொண்டு நடக்க முடிகிறது. ஆனால் குடம் ஏற்றிய தண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் மட்டும் அதைவிடத் தூரம் வலி இல்லாமல் போகிறேன், அது ஏன் என்று தெரியவில்லை.

மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் கீழ்முதுகு வளைவு 56 டிகிரி, எம்ஆர்ஐயில் இடுப்புப் பக்கத்து நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவே நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். முதுகின் பாதியிலிருந்து இடுப்பெலும்பு வரை ஸ்க்ரூ போட்டு, இரண்டு பக்கமும் கம்பி வைத்து, எலும்புகளை ஒன்றாக ஒட்ட வைக்க வேண்டுமாம், ஏழெட்டு மணி நேர ஆபரேஷனாம். மகன் செய்துவிடலாம் என்கிறான். அக்கா, கத்தி வைத்தால் அப்புறம் படுத்த படுக்கைதான் என்று அழுகிறாள். தரையில் உட்கார முடியுமா, மறுபடி கடலில் இறங்கிப் பாசி வேலை பார்க்க முடியுமா, வலி நிஜமாகவே போகுமா, இதுதான் எனக்குத் தெரிய வேண்டும். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உச்சிப்புளி:

அக்கா, நான் செய்துகொண்டவள். எனக்கு வளைவு மேல்முதுகில், 62 டிகிரி, ஆபரேஷன் நடக்கும்போது 34 வயது. வருடா வருடம் எக்ஸ்ரேயில் கூடிக்கொண்டே போனதால் செய்தோம். முதல் இரண்டு நாள் கஷ்டம்தான், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். திரும்பிப் படுக்க இரண்டு பேர் சேர்ந்து கட்டையை உருட்டுவது மாதிரி உருட்ட வேண்டும், மார்ஃபின் என்கிற வலி மருந்தை ஊசியில் போட்டும் அரைத்தூக்கத்தில் முனகிக்கொண்டே இருந்தேன். ஆனால் மறுநாளே கட்டில் ஓரம் உட்கார வைத்தார்கள், அதற்கடுத்த நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தேன். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பியது நாலு மாதம் கழித்து, அதுவும் முதலில் அரை நாள்.

சின்ன வயசிலிருந்து என் டெய்லர் வலது முதுகுத் துண்டைப் பெரிதாகவும் இடதைச் சின்னதாகவும் வெட்டித்தான் ரவிக்கை தைப்பார், விலா எலும்பு ஒரு பக்கம் அப்படிப் புடைத்திருக்கும். இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு. புடவைக் கொசுவமும் ஒரு பக்கம் ஏறிக்கொள்வதில்லை. அதே சமயம் தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையகல இடம் இன்றைக்கும் மரத்துப் போய்த்தான் இருக்கிறது, மழைக்காலத்தில் முதுகு விறைக்கிறது.

ஆனால் என் கதையை வைத்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள் அக்கா. எனக்கு ஒட்டியது டி4லிருந்து எல்1 வரை, அதாவது மேல்முதுகின் நாலாவது எலும்பிலிருந்து கீழ்முதுகின் முதல் எலும்பு வரை. அதற்குக் கீழே இடுப்பு மூட்டு எல்லாம் அப்படியே விட்டிருக்கிறார்கள், அதனால்தான் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறேன், கோலம் போடுகிறேன். உங்களுக்கு இடுப்பெலும்பு வரை என்கிறார்கள். எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை, ஏன் அதற்கு முன்னாலேயே நிறுத்த முடியாது, இந்த இரண்டையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் பேச்சும் அதற்கப்புறம்தான்.

திருப்புல்லாணி:

சகோதரி, அவசரப்பட்டுக் கம்பி வைக்காதீர்கள். சின்ன வயசில் ஒரே பக்க இடுப்பில் குடம் சுமந்ததால் வந்த வளைவாக இருக்கும், நம் மாவட்டத்தில் எத்தனை பெண்களுக்கு இப்படி. எண்ணெய் போட்டு நீவி எலும்பை இடத்துக்குக் கொண்டுவருகிற வைத்தியர்கள் நம் பக்கமே இருக்கிறார்கள். என் மாமியாருக்கு இடுப்புப் பிடிப்பு மூன்றே தடவையில் போனது.

மண்டபம் பிசியோ:

திருப்புல்லாணி அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனாலும் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். குடம் சுமந்து ஸ்கோலியோசிஸ் என்கிற இந்த முதுகு வளைவு வராது, புத்தகப் பை தூக்கியும் வராது. அக்காவுக்கு இருப்பது வளரும் பருவத்தில் காரணம் தெரியாமல் வருகிற வகை, வயதான பிறகு அதன் மேல் டிஸ்க் தேய்மானமும் சேர்ந்துகொண்டது. இதல்லாமல் ஐம்பது அறுபதுக்கு மேல் தேய்மானத்தால் மட்டுமே புதிதாக வளைகிற வகையும் உண்டு. இரண்டுமே வெறும் தசைப்பிடிப்பு கிடையாது. எலும்பே திருகிக்கொண்டு வளைந்திருக்கிறது, அதை நீவி நேராக்க முடியாது. தசை இறுக்கத்துக்கு மெதுவாக எண்ணெய் தேய்த்துக்கொண்டால் சுகமாக இருக்கும், அதுவரைக்கும் சரி. நரம்பு நசுங்கிக் கால் மரத்துப் போகிறவரின் முதுகை முறுக்குவதும் ஏறி மிதிப்பதும் ஆபத்து.

அக்கா, தண்ணி வண்டி விஷயத்தை நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது, இதை டாக்டரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். நிமிர்ந்து நடக்கும்போது முதுகுத்தண்டுக்குள் நரம்பு போகிற குழாய் இன்னும் குறுகுகிறது. வண்டிக் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்ததும் அது கொஞ்சம் விரிகிறது, நரம்புக்கு இடம் கிடைக்கிறது, வலி அடங்குகிறது. உட்கார்ந்தால் சரியாவதும் அதனால்தான். ஆக உங்கள் தொந்தரவில் பெரும்பங்கு நரம்பு நெரிசல். வளைவு இரண்டாவது கணக்கு. இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த ஆபரேஷன் என்பதே புரியும்.

டிகிரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. 10 டிகிரிக்கு மேல் இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்று பெயர், அவ்வளவுதான். வளர்ச்சி நின்ற பிறகு 30க்குக் கீழ் இருப்பது பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். 50க்கு மேல் போனது வருடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி கூடக்கூடும். ஆனால் பெரியவர்களிடம் டிகிரிக்கும் வலிக்கும் நேர்க்கணக்கு கிடையாது. 60 டிகிரியோடு வலை பின்னிக்கொண்டு நிம்மதியாக இருப்பவரையும் பார்த்திருக்கிறேன், 25 டிகிரியில் நடக்கவே முடியாதவரையும் பார்த்திருக்கிறேன். நடக்கிற தூரம் குறைந்துகொண்டே வருகிறதா, காலில் பலம் போகிறதா, உடம்பு முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்துகொண்டே போகிறதா, ஆறு மாதமாவது ஒழுங்காக உடற்பயிற்சியும் மருந்தும் பார்த்தும் கேட்கவில்லையா, இவற்றை வைத்துத்தான் ஆபரேஷன் பேச்சே வரும். என் தொழில் என்பதற்காக மிகைப்படுத்த மாட்டேன், பயிற்சியால் உங்கள் வளைவு நேராகாது. முதுகு, வயிறு, இடுப்புத் தசை பலப்படும், வலி குறையும், பலர் அதோடு ஆபரேஷன் இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். பெல்ட் போட்டால் நிமிரும் என்று விற்பதை நம்பாதீர்கள், வளர்ந்த எலும்பை பெல்ட் திருத்தாது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும். சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, பாதம் திடீரென்று தொங்கிப் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று வீட்டில் இருக்கக் கூடாது.

கீழக்கரை:

லாத்தா, எங்கள் உம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், முழுசாகப் படியுங்கள். 67 வயதில் செய்தோம். அவர்களுக்குத் தேய்மானத்தால் வந்த வளைவு, கால் வலியில் ராத்திரி தூக்கமே கிடையாது. நரம்பை விடுவித்து, கீழ்முதுகின் இரண்டாவது எலும்பான எல்2லிருந்து அடியில் இடுப்போடு சேருகிற எஸ்1 வரை ஒட்டினார்கள். கால் வலி ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே போய்விட்டது, உம்மா அழுதுவிட்டார்கள், அத்தனை வருட வலி. முதுகு வலி பாதிதான் குறைந்தது, அதை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

ஒன்றரை வருடம் நல்லபடியாகப் போனது. அப்புறம் ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழும்போது உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அதிலிருந்து புது வலி. எக்ஸ்ரேயில் ஒரு பக்கக் கம்பி இரண்டாக முறிந்திருந்தது. வேறொரு டாக்டர்தான் விளக்கினார். கம்பி என்பது எலும்பு ஒட்டுகிற வரைக்கும் பிடித்துக்கொள்ளத்தான், ஆயுசு முழுக்கப் பாரம் தாங்க அதனால் முடியாது, ஒட்ட வேண்டிய இடத்தில் எலும்பு ஒட்டாமல் போனால் அசைந்து அசைந்து உலோகம் களைத்து எப்படியும் ஒரு நாள் முறியும். உம்மாவுக்கு அடியில் எல்5க்கும் எஸ்1க்கும் நடுவே ஒட்டவே இல்லை. அந்த இடம்தான் எல்லோருக்குமே ஒட்டக் கஷ்டமான இடமாம். அப்போதுதான் எலும்பின் பலத்தை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள், எலும்பு நன்றாகத் தேய்ந்திருந்தது, சர்க்கரையும் கட்டில் இல்லை. முதல் ஆபரேஷனுக்கு முன்னால் அங்கே யாரும் எலும்பின் பலத்தைப் பார்க்கவே இல்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, எலும்புக்கு ஊசி போட்டு, பல மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷன். அடியில் இரண்டு எலும்புக்கு நடுவே கேஜ் என்கிற தாங்கு கட்டை வைத்து இடுப்பெலும்பு வரை ஸ்க்ரூ இறக்கினார்கள். இப்போது கைத்தடியோடு தெரு முனை வரை போய் வருகிறார்கள், தொழுகை நாற்காலியில். செய்திருக்கவே கூடாதா என்று கேட்டால், அந்தக் கால் வலியோடு நான் செத்திருப்பேன் வாப்பா என்பார்கள். அதனால் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை லாத்தா. டெக்ஸா எடுக்காமல் மேசையில் படுக்காதீர்கள். 52 வயது, மாதவிடாய் நின்ற வயது, எலும்பு வேகமாகக் கரைகிற காலம்.

தொண்டி:

நான் கேட்க நினைத்தது பணம். இவ்வளவு ஸ்க்ரூவும் கம்பியும் கேஜும் என்றால் எங்களைப் போல ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள் என்ன செய்வது? முதல்வர் காப்பீட்டில் வருமா?

பரமக்குடி:

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். எந்த ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை ஸ்க்ரூ வரை அடங்கும் என்பதை ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுக் கவுன்ட்டர் இருக்கும், அங்கே எழுத்தில் கேளுங்கள். நரம்பு கண்காணிப்பு மிஷினுக்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள், அட்மிட் ஆன பிறகு கையை விரிக்கிற இடங்கள் இருக்கின்றன. மதுரை பெரியாஸ்பத்திரியில் காட்டி ஒரு கருத்து வாங்குவதற்குப் பெரிய செலவு இல்லை. ராமநாதபுரத்தில் 2022இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, ஆனாலும் இந்த அளவு முதுகெலும்பு ஆபரேஷனுக்கு அதை வழக்கமாகச் செய்கிற டீம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். வருடத்துக்கு எத்தனை பெரியவர்களுக்கு இதே ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

ஏர்வாடி நர்ஸ்:

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறேன், முதுகெலும்பு கேஸ்களில் நின்றிருக்கிறேன். அக்காவின் அக்காவுக்காக இதை எழுதுகிறேன். படுத்த படுக்கை என்கிற பயம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. முன்னாளில் எலும்பை ஒட்ட வைத்துவிட்டு மாதக்கணக்கில் மாவுக்கட்டில் படுக்க வைப்பார்கள். அமெரிக்காவில் பால் ஹாரிங்டன் என்பவர் போலியோவில் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காகக் கம்பி செய்து 1962இல் அதை வெளியிட்டார், அதிலிருந்துதான் கம்பி வைத்தியம் பரவியது. அந்தக் கம்பி வளைவை இழுத்து நேராக்கியது, ஆனால் கீழ்முதுகில் இயற்கையாக இருக்க வேண்டிய குழிவையும் சேர்த்துத் தட்டையாக்கிவிட்டதால் பலர் பிற்காலத்தில் முன்னால் சாய்ந்து நடக்க வேண்டி வந்தது. அந்தப் பாடத்தால்தான் இன்றைக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரேயை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள். இப்போது ஒவ்வொரு எலும்பிலும் ஸ்க்ரூ இறக்கி, குழிவுக்கு ஏற்றபடி வளைத்த டைட்டானியம் அல்லது கோபால்ட் குரோம் கம்பியைப் பூட்டுகிறோம். பிடிமானம் உறுதி என்பதால்தான் ஓரிரு நாளில் எழுப்பி நிற்க வைக்க முடிகிறது.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். குப்புறப் படுக்க வைத்து, தலையிலும் கால் தசையிலும் மெல்லிய ஊசி வயர்கள் பொருத்தி, மூளையிலிருந்து காலுக்குச் சிக்னல் போகிறதா என்று ஒருவர் ஆபரேஷன் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். சிக்னல் குறைந்தால் டாக்டர் உடனே நிறுத்தி, செய்த திருத்தத்தைத் தளர்த்துவார். தேவைப்பட்டால் மயக்கத்தைக் குறைத்து நோயாளியை விரல் அசைக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. ரத்தம் நிறையப் போகிற ஆபரேஷன் இது, அதனால் ரத்தம் உறைய உதவும் மருந்து கொடுப்போம், சிந்துகிற ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் மிஷினும் சில இடங்களில் இருக்கிறது.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். பெரியவர்களுக்குச் செய்யும்போது பிள்ளைகளைவிடச் சிக்கல் கூடுதல், அது எந்த நாட்டிலும் அப்படித்தான். புண்ணில் சீழ், நரம்பு உறை கிழிவது, காலில் ரத்தக்கட்டி, கால் பலவீனம், எலும்பு ஒட்டாமை, ஒட்டிய பகுதிக்கு நேர் மேலே இருக்கிற எலும்பு நொறுங்கிக் கூன் விழுவது. சிலருக்குச் சில வருடத்தில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறது. இதைக் குறைக்க உங்கள் கையில் இருப்பது, ரத்தசோகையை முன்பே சரி செய்வது, சர்க்கரை, வைட்டமின் டி, எலும்புப் பலம். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் வாரக்கணக்கில் முன்னாலேயே விட்டு, எலும்பு ஒட்டும் வரை தொடக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போவது நிஜமாகவே அதிகம். மெடிக்கலில் சொல்லி வாங்குகிற டைக்ளோபினாக் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியிருந்தால் கிட்னி டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள்.

பாம்பன்கரை:

இவ்வளவு விவரமாக யாரும் என்னிடம் பேசியதில்லை, எல்லோருக்கும் நன்றி. வெற்றிலையோடு புகையிலை போடுவேன், இன்றோடு நிறுத்துகிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். இடுப்பெலும்பு வரை ஒட்டிவிட்டால் கக்கூஸ் எப்படி? எங்கள் வீட்டில் இந்தியன் டைப்தான். பாசி வேலைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

கீழக்கரை:

கூச்சப்படாதீர்கள் லாத்தா, இதைத்தான் எங்களிடமும் எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் குனியக் கூடாது, முறுக்கக் கூடாது, எடை தூக்கக் கூடாது. இந்தியன் டைப் நடக்காது. அதன் மேலே வைக்கிற நாற்காலி கமோடு வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்துச் சுவரில் கைப்பிடி அடியுங்கள். அதைவிட முக்கியம், இடுப்பு வரை ஒட்டினால் கை பின்னால் எட்டிக் கழுவுவதே சிரமம். உம்மா அதற்காகத்தான் முதலில் அழுதார்கள், மருமகளிடம் கேட்க மனம் வரவில்லை. கைக்கெட்டுகிற உயரத்தில் பைப் ஸ்ப்ரே மாட்டி, காலை அகட்டி முன்பக்கமாகக் கழுவப் பழக்கிய பிறகுதான் நிம்மதி. ஆபரேஷனுக்கு முன்னாலேயே அந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள். கால் நகம் வெட்ட, மெட்டி போட ஆள் வேண்டும். செருப்புக்கு வார் வைத்தது வேண்டாம்.

மண்டபம் பிசியோ:

கீழக்கரை சொன்னது அத்தனையும் சரி. முன்னால் குனியும்போது கீழ்முதுகில் கடைசி இரண்டு மூட்டுகள்தான் பெரும்பங்கு வளைகின்றன. மேல்முதுகு விலா எலும்போடு கட்டுண்டிருப்பதால் இயற்கையாகவே அதிகம் வளையாது, அதனால்தான் உச்சிப்புளி சகோதரிக்கு வித்தியாசம் தெரியவில்லை. இடுப்பெலும்பு வரை போனால் அந்த வளைவு முழுக்க நின்றுவிடும், தொடை மூட்டும் முழங்காலும் மட்டுமே உங்களுக்கு மடங்கும். தொடை மூட்டு இளக்கமாக இருந்தால் ஒரு வருடம் கழித்துத் தரையில் உட்காரலாம், எழ ஒரு பிடிமானம் வேண்டும். ஆனால் தரையில் தட்டு வைத்து முன்னால் குனிந்து சாப்பிடுவது பழைய மாதிரி வராது.

பாசி வேலைக்கு நேரடியாகச் சொல்கிறேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை, 45 நாள் பாசி வளர்ந்து ஈரத்தோடு இருக்கும்போது அதைத் தூக்கிக் கரைக்கு இழுப்பது நாலு பேருக்கே கஷ்டம். அலையில் கால் தடுமாறும், சட்டென்று முறுக்க வேண்டி வரும். இடுப்பு வரை ஒட்டிய பிறகு அந்த வேலை வேண்டாம், எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். ஆனால் கயிற்றில் விதைப்பாசி கட்டுகிற வேலை செய்யலாம். மணலில் உட்கார்ந்து கட்டுவதை விட்டு, உயர பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் மேசை போட்டுக் கட்டுங்கள். குழுவில் இதை இப்போதே பேசி வையுங்கள், உங்கள் பங்குக் கூலி என்ன ஆகும் என்பதையும் சேர்த்து.

திருப்புல்லாணி:

தம்பி, படித்தேன். என் மகனுக்கு 24 வயது, ராணுவத்துக்கு ஆளெடுப்பில் எக்ஸ்ரே பார்த்து 28 டிகிரி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வலி எதுவும் இல்லை. அவனுக்கும் இதுதானா?

மண்டபம் பிசியோ:

வேண்டவே வேண்டாம் அண்ணே. வளர்ச்சி முடிந்த பிறகு 28, வலியும் இல்லை என்றால் ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லை. சில வருடத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க. நீச்சல், கபடி எல்லாம் விளையாடட்டும். கல்யாணப் பேச்சில் இதைக் குறையாக்க விடாதீர்கள்.

பாம்பன்கரை:

கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் கேட்டிருந்தீர்கள். டெக்ஸா எடுத்தோம், எலும்பு பலவீனமாகத்தான் இருக்கிறது. அதனால் எந்த ஆபரேஷனாக இருந்தாலும் இப்போது கிடையாது, பல மாதம் தினமும் தொடையில் டெரிபாரடைட் ஊசி, கால்சியம், வைட்டமின் டி. மகள் போட்டுவிடுகிறாள்.

இரண்டாவது டாக்டர் ஒருவரையும் பார்த்தோம். அவர் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். எந்த நரம்பு வலி கொடுக்கிறது என்று பார்க்க அந்த நரம்பின் அடியில் மட்டும் ஒரு ஊசி போட்டார்கள், கால் வலி பல நாள் அடங்கியே இருந்தது. அப்படியானால் அந்த இடம்தான் காரணம் என்கிறார். அவர் சொன்னது இரண்டு வழி. ஒன்று, அந்த இடத்தில் மட்டும் நரம்பை விடுவித்து ஓரிரண்டு எலும்பை மட்டும் ஒட்டுவது. சின்ன ஆபரேஷன், சீக்கிரம் எழலாம், முதுகு வளைவு அப்படியே இருக்கும், ஆனால் மேலே வளைவு கூடிக்கொண்டே போனால் பிற்பாடு பெரியதும் செய்ய வேண்டி வரலாம். இன்னொன்று முதல் டாக்டர் சொன்ன பெரியது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் நான் இன்னும் முன்னால் சாயவில்லை, அதனால் சின்னதை யோசிக்க இடமிருக்கிறது என்றார்.

உச்சிப்புளி:

அக்கா, 56 டிகிரி, வருடம் ஒரு டிகிரி என்று வைத்தால் 65 வயதில் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். அப்போது உடம்பு இந்தப் பெரிய ஆபரேஷனைத் தாங்குமா? தாங்குகிற வயதில் ஒரே தடவையாக முடித்துவிடுவதுதான் எனக்குச் சரியென்று படுகிறது.

கீழக்கரை:

நான் மாற்றிச் சொல்வேன். லாத்தாவுக்கு வலி காலில். முதுகு நேராக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லையே. கால் வலி போய், தரையில் உட்கார முடிந்து, சொந்தக் கையால் கழுவிக்கொள்ள முடிந்தால் அது போதும் என்று அவர் நினைத்தால் அதுதான் கணக்கு. எலும்பு பலவீனமாக இருக்கும்போது ஸ்க்ரூ இறக்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்துவிட்டோம்.

ஏர்வாடி நர்ஸ்:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, டாக்டர்களிடையேயே இதில் ஒரே கருத்து கிடையாது. கால் பலம் குறையாமல் இருக்கிற வரை அவசரம் இல்லை அக்கா. ஊசி போடுகிற இந்த மாதங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நின்ற நிலையில் முழு எக்ஸ்ரே எடுங்கள். 56 அப்படியே நிற்கிறதா, கூடுகிறதா என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். ஒரே சென்டரில், ஒரே மாதிரி நிற்க வைத்து எடுக்க வேண்டும், நாலைந்து டிகிரி வித்தியாசம் அளவெடுப்பதிலேயே வரும்.

பாம்பன்கரை:

என் மனசு இப்போதைக்குச் சின்னதின் பக்கம்தான் இருக்கிறது. அடுத்த எக்ஸ்ரே பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று மகனிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அக்கா அழுவதை நிறுத்தியிருக்கிறாள். மதுரைக்கு பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போனது, புதுப் பாலம் திறந்து ரயில் மறுபடி ஓடுவதால் இனி ரயிலில்தான். விதைப்பாசி கட்டுவதற்குக் குழுவில் சம்மதித்துவிட்டார்கள். பிசியோ தம்பி, அந்த பெஞ்சு எவ்வளவு உயரம் வேண்டும்?

மண்டபம் பிசியோ:

உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும், தொடை முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும், ஆசாரியை வீட்டுக்கு வரச் சொல்லி உங்களை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். மேசை முழங்கை உயரம். கயிற்றின் இரண்டு முனையையும் மேசையில் ஆணியடித்துக் கட்டிவிட்டால் இழுத்துப் பிடிக்க முதுகு வேலை செய்யாது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். தொடை மூட்டை இளக்குகிற பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள், எந்த ஆபரேஷன் ஆனாலும் அது உதவும்.